இரவல் ஓட்டக்காரி

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அது இரண்டு யுனிவர்சிடிகளைப் பற்றித்தான் வரும். மற்ற வீடுகளில் சண்டை போட மாமியார், நாத்தனார், தண்ணீர்க் குழாய் என்று எவ்வளவோ இருந்தன. கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் இருந்த எங்களுக்கு இது ஒன்றுதான் வாய்த்தது. அக்கா பள்ளிக்கூடம் முடித்த வருஷம் தொடங்கியது. நான் அப்போது பின்னல் போட அம்மாவிடம் தலையைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் வயதில் இருந்தேன்.

இரண்டும் சர்க்கார் யுனிவர்சிடிகள்தான். ஒன்று பழையது, நகரத்தின் நடுவில் தூணும் அகலப் படிக்கட்டுமாக நின்றது. அதன் பெயரைச் சொன்னால் எங்கள் சொந்த ஊரான தூத்துக்குடியில் சலூன்கடைக்காரர்கூடக் கத்தரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் என்பது அப்பாவின் கட்சி. இன்னொன்று பெஹாலாவைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், பள்ளத்தை மண் போட்டு மேடாக்கிக் கட்டியது. பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ஒரு மைதானம் இருந்தது. ஒழுங்கான ஓடுபாதை, கோச், ஹாஸ்டல், காலையில் அவித்த முட்டை எல்லாம் இருந்தன. பந்தயக் கேடயங்களை வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு போவது அதுதான். பழைய யுனிவர்சிடிப் பெண்கள் பாவம், பொதுப் புல்வெளியில் ஆடு மேய்கிற இடத்தில் ஓடிப் பழகினார்கள்.

அக்கா எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். அவளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்ததுதான் வினை. பழைய யுனிவர்சிடியின் முடிவு முதலில் தெரிந்தது. தெரிந்த கையோடு அப்பா ஊருக்குப் போன் போட்டுத் தன் தம்பியிடம், அதாவது எங்கள் சித்தப்பாவிடம், சொல்லிவிட்டார். சித்தப்பாவிடம் சொல்வதும் மாதா கோயில் மணியை அடிப்பதும் ஒன்று. அவர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே வந்து போகிற டிரைவர்கள் மூலமாகச் செய்தி மதுரை வரைக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் இன்னொரு யுனிவர்சிடியிலிருந்து அக்காவை ஓட்டத்துக்காகவே கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். போனால் அங்கேதான் போவேன் என்று அவள் நின்றுவிட்டாள்.

கீழ் வீட்டு வங்காளிப் பெரியவரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். அவர் பழைய யுனிவர்சிடியில் படித்தவர். ஓடுவதற்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் இருக்கிறதே, யுனிவர்சிடி எதற்கு என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு மாடிக்கு வந்து அதையே தன் வாதமாக எடுத்துவைப்பார்.

"அந்த யுனிவர்சிடி பேரச் சொன்னா, அது காலேஜா பேக்கரியான்னு கேப்பாங்கம்மா நம்ம ஊர்ல."

"பேரா ஓடப் போகுது? நான்தானப்பா ஓடப் போறேன்" என்றாள் அக்கா.

கடைசியில் அம்மா அக்கா பக்கம் சாய்ந்ததால் அப்பா இறங்கிவந்தார். ஆனால் ஊருக்குச் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. பொறவு சொல்லிக்கிடலாம் என்றார். அந்தப் பொறவு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் பழைய யுனிவர்சிடியின் படிக்கட்டைப் பற்றியும் லைப்ரரியைப் பற்றியும், தானே தினமும் ஏறி இறங்குகிறவர் மாதிரி, சித்தப்பாவுக்கு வர்ணிப்பார். அம்மா அடுக்களையில் பாத்திரத்தைச் சற்று அழுத்தி வைப்பாள். அக்கா காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டாள். அவள்தான் ஹாஸ்டலில் இருக்கிறாளே என்றார் அப்பா. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாமல்தான் அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்து அப்பா கையில் வைப்பாள். வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள். அப்பா அதைப் புரட்டிப் பார்ப்பார், நல்லதும்மா என்பார், ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். இந்த யுனிவர்சிடிக்குப் போனது சரிதான் என்று அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அப்படி ஓடினாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது அவள் ஏன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள் என்றுதான் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் யுனிவர்சிடிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி வந்தது. அக்கா ஓடப்போகிறாள் என்று அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஊருக்குச் சொன்னார். போட்டிக்கு முதல் நாள் காலையில் போன் அடித்தது. "அண்ணே, சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல நிக்கேன். எந்த பஸ்ஸுல ஏறணும்?" என்று சித்தப்பாவின் குரல் எனக்கே கேட்டது. அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

சித்தப்பா கருவாடும் மக்ரூனும் கொண்டுவந்திருந்தார். கூடவே லுங்கியில் சுற்றிய நீளமான சுருள் ஒன்றும் இருந்தது. அம்மா அதைப் பாய் என்று நினைத்து, இங்கே விரிக்கப் பாய் இல்லையா என்று குறைப்பட்டாள். சித்தப்பா கண்ணைச் சிமிட்டிவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்று முழுவதும் அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு டீயும் ஒரு பெருமூச்சும் போதும், சித்தப்பா சிரித்து மறந்திருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அப்பா அதற்குப் பதிலாக மைதானத்தில் வெயில், கூட்டம், தூசி என்று அடுக்கினார். காளி கோயிலைப் பார்த்துவிட்டு வா என்றார்.

"கோயில் எங்க போயிரப் போவுது? நம்ம பிள்ள ஓடுததப் பாக்கத்தானண்ணே வந்திருக்கேன்" என்றார் சித்தப்பா.

மறுநாள் அம்மா, அப்பா, சித்தப்பா, நான் எல்லோரும் போனோம். அக்காவின் யுனிவர்சிடிக்காரர்கள் பச்சைப் பனியனும் பழைய யுனிவர்சிடிக்காரர்கள் வெள்ளைப் பனியனும் போட்டிருந்தார்கள். சித்தப்பாவுக்கு நிறத்தைப் பற்றிக் கவலையில்லை. எல்லாப் பெண்களும் குச்சிபோல இருக்கிறார்களே, இவர்களுக்குச் சோறு போடுவதில்லையா என்றுதான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா எங்களைக் கூட்டத்தை விட்டு ஒதுக்கி ஓரமாக உட்காரவைத்திருந்தார். குளிரில் எல்லோரும் சுவெட்டர் போட்டிருக்க, அவர் மட்டும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா ஓடியதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கடைசி வளைவு வரை வெள்ளைப் பனியன் பெண் ஒருத்தி முன்னால் போனாள். அதற்குப் பிறகு அக்கா யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டென்று கிளம்பினாள். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக எங்களைத்தான் தேடினாள். அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது சித்தப்பா சுருளைப் பிரித்தார். பக்கத்தில் இருந்த கடலைக்காரனிடம் ஒரு முனையைக் கொடுத்துத் தான் மறுமுனையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். அது ஃபிளெக்ஸ். எங்கள் ஊரில் காது குத்துக்கும் கட்டுவார்கள், கருமாதிக்கும் கட்டுவார்கள். நடுவில் அக்கா ஏதோ கல்யாணத்தில் எடுத்த பட்டுச்சேலைப் படத்தில் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு சிறுத்தை பாய்ந்தது. 'வங்கம் வென்ற எங்கள் குலவிளக்கே' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகச் சித்தப்பா, அத்தை வீட்டு மாமா, லாரி ஆபீஸ் பங்காளிகள், ஓரத்தில் யூனிஃபார்மில் நான். இதையெல்லாம் அங்கே யாராலும் படிக்க முடியாது. ஆனால் அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில், அவள் முகத்தைவிடப் பெரிதாக, பழைய யுனிவர்சிடியின் சின்னம் இருந்தது. அதைக் கல்கத்தாவில் தெரியாதவர் கிடையாது.

வெள்ளைப் பனியன் பக்கத்தில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு விசில். பச்சைப் பனியன் பெண்கள் ஃபிளெக்ஸையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய் வம்பு வந்தது. இந்தப் பெண் எங்கள் யுனிவர்சிடியிலும் சேர்ந்திருக்கிறாளா, இரண்டு இடத்தில் படிக்கிறவள் ஓடியது செல்லாது என்று இரண்டாவதாக வந்த வெள்ளைப் பனியன் பெண்ணின் மேனேஜர் கத்தினார். வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரிகள் இரண்டு பேர் எங்களிடம் வந்தார்கள். அக்காவின் கோச்சும் பதறிக்கொண்டு கூட வந்தார். பின்னாலேயே அக்காவும் வந்து எங்களுக்குக் கீழே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பனார் நீங்கள்தானே, உங்கள் மகள் எங்கே படிக்கிறாள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அதிகாரி அப்பாவிடம் வங்காளத்தில் கேட்டார்.

அப்பாவுக்கு இந்தப் பக்கம் அதிகாரி, அந்தப் பக்கம் தம்பி. கம்பிக்குக் கீழே அக்கா.

அப்பா கை கூப்பினார். வங்காளத்தில் பேசினார். அவர் அவ்வளவு நல்ல வங்காளம் பேசி நான் கேட்டதில்லை. என் மகள் இந்தப் பச்சைப் பனியன் யுனிவர்சிடியில்தான் படிக்கிறாள், வேறு எங்கும் சேரவில்லை, இதில்தான் படிப்பேன் என்று அவளே ஆசைப்பட்டு வந்தாள் என்றார். பிறகு சித்தப்பாவைக் காட்டினார். இவன் என் தம்பி, விவரம் இல்லாதவன், பட்டிக்காட்டான், எதையோ பார்த்து எதையோ அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டான், மன்னித்துவிடுங்கள் என்றார். சித்தப்பாவுக்கு வங்காளம் ஒரு சொல்லும் தெரியாது. தன்னை அறிமுகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, ஃபிளெக்ஸைக் கடலைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரிய அதிகாரிக்குக் கும்பிடு போட்டார்.

அதிகாரிகள் சிரித்துவிட்டுப் போனார்கள். அக்காவின் வெற்றி நின்றது.

"என்னண்ணே கேக்காவ?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணுமில்லலே. நம்ம பிள்ள பெரிய யுனிவர்சிடிதான். இவங்களுக்கு ஓட ஆளில்லன்னு கெஞ்சிக் கேட்டாங்களாம். அதான் இரவல் குடுத்திருக்கு. பனியன் மட்டுந்தான் இவங்களுது."

"அப்படிச் சொல்லு! பெரிய எடம் பெரிய எடந்தான்" என்றார் சித்தப்பா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பாவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் இந்தப் பக்கமும் சமாளித்து அந்தப் பக்கமும் சமாளித்த அப்பாவைப் போல ஒரு கெட்டிக்காரர் துறைமுகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். அக்கா கம்பியை விடவில்லை. அவளுக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

பதக்கம் கொடுத்த பிறகு சித்தப்பா ஒரு போட்டோவுக்கு ஆசைப்பட்டார். அக்கா மறுப்பாள் என்று அம்மா பயந்தாள். அக்கா மறுக்கவில்லை. பச்சைப் பனியனோடு வந்து, பழைய யுனிவர்சிடிச் சின்னத்தின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து நின்றாள். அவளோடு ஓடிய பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தப் படம் ஊரில் சித்தப்பா வீட்டு முன்கூடத்தில் இன்னும் தொங்குகிறது. போகும்போதெல்லாம் நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா முன் சீட்டில் உட்கார்ந்து இரவல் கதையைப் போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, சித்தப்பாவுக்குப் புரியக்கூடாது என்றோ என்னவோ, வங்காளத்தில் மெதுவாகக் கேட்டாள். என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லிக்கொள்ள உனக்கு அவ்வளவு வெட்கமா, அப்பா?

"ஜன்னலச் சாத்தும்மா. தூசி அடிக்கி" என்றார் அப்பா தமிழில்.

அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

அடுத்த வருஷம் அவள் ஓடவில்லை. முட்டி வலி என்றாள். கோச் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார். டாக்டர் முட்டியில் ஒன்றுமில்லை என்றார். அக்கா மட்டும் வலிக்கிறது என்பதை விடவில்லை. ஓட்டத்துக்காகக் கொடுத்த ஹாஸ்டல் இடம் போயிற்று. தினமும் கிடர்பூரிலிருந்து பஸ் மாறிப் போய்ப் படிப்பை முடித்தாள். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் போய்விடக் கூடாது என்று அவருக்குப் பெரிய கவலை. அக்கா அம்மாவிடம் தமிழில் பேசினாள், என்னிடம் தமிழில் பேசினாள். அப்பாவிடம் மட்டும் அந்தப் போட்டி நாளிலிருந்து வங்காளம்தான். சாப்பிட வா என்றாலும், மாத்திரை போட்டாயா என்றாலும் வங்காளம்தான். அப்பா தமிழில் பதில் சொல்வார். பல வருஷம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோதும், ராத்திரி பகலாகக் கூட இருந்து பார்த்துக்கொண்ட அக்கா அவர் காதில் வங்காளத்திலேயே பேசினாள். கடைசியில் அவரும் அதிலேயே ஏதோ முனகினார். நர்ஸுகள் எங்களை வங்காளிக் குடும்பம் என்றே நினைத்தார்கள்.

அக்கா மாறியதற்கு எல்லாம் ஹாஸ்டல் பழக்கம்தான் காரணம் என்று சின்ன வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன். எங்கள் அக்கா அப்பாவிடம்கூட வங்காளம்தான் பேசுவாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அப்பா அவளைப் பற்றி உண்மையைச் சொன்னது அந்த ஒரு பாஷையில்தான் என்பதும், அதில் மட்டும்தான் அவளால் இனி அவருக்கு மகளாக இருக்க முடிந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.