சட்டைப்பையில் வைத்திருந்த பூட்டு

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகக் கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வெளியே பனிமூட்டம், உள்ளே ஈரக் காகித வாடை. கணினியில் உட்கார்ந்திருந்த பெண் எல்லாச் சோலியையும் யாரும் காசில்லாமல் எடுத்துப் புழங்கக்கூடிய கட்டற்ற மென்பொருளில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விண்ணப்பத்தை அடித்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, "இது எதுல வேணா தொறக்கும் சார், எத்தன வருசம் கழிச்சும் தொறக்கும்" என்றாள். நல்ல வார்த்தைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அதே வாடையில்தான் என் முதல் வேலை தொடங்கியது. மலையில் ஒரு சின்ன அரசு நூலகம். நான் தற்காலிகக் கணினிப் பணியாளர். கொடைக்கானலில் காகிதத்தைக் காப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. நாலு நாள் அசந்தால் பூசணம் பூத்துவிடும். அதற்காகப் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிடுவோம். எழுதியதைக் கணினியில் ஏற்றியவுடன் மூலக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஒரு தாளில் வந்த பூசணம் மற்றதுக்கும் பரவிவிடும் அல்லவா! அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

தமிழ் அடிக்க ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கணினியின் முதுகில் கட்டைவிரல் அளவில் ஒரு மின்னணுப் பூட்டைச் செருகினால்தான் அது வாயைத் திறக்கும். அதில் அடித்தது அதில் மட்டுமே திறக்கும், வேறெதிலும் திறக்காது. சாயங்காலம் அந்தப் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடப்பேன். கலெக்டர் தோற்றார், போங்கள்.

கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பஷீர் பாய் ஒருநாள் தமிழ் அடிக்கிற வேறொரு மென்பொருள் இருந்த குறுந்தகடு ஒன்றோடு வந்தார். "காசு கெடையாது தம்பி. ஆனா அது பெருசில்ல. இதுல யூனிகோடுல அடிச்சு வச்சீங்கன்னா நாளைக்கு எவன் வந்தாலும் படிச்சுக்கிரலாம். பொதுச் சொத்துக்கு எதுக்குங்க பூட்டு?" என்றார். என்னோடு வேலை பார்த்த யோகமும், "மாத்திருவோமேண்ணே, நல்லாத்தான இருக்கு" என்றாள். யோகத்தின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து மலையில் அடுக்கம் என்ற ஊரில் குடியேறியது. அவள் இங்கே வந்த பிறகு பிறந்தவள்.

"சும்மா வர்றதுல பூரா வைரஸ் இருக்கும்" என்று சொல்லி இரண்டு பேர் வாயையும் அடைத்தேன். எனக்கு வைரஸும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. உண்மையான காரணம் வேறு. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் நான் எதற்கு? பூட்டு என் பையில் இருக்கிறவரை என்னை அனுப்ப முடியாது என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது, மலையில் இருக்கும் வயதானவர்களின் வாழ்க்கையை எழுதிச் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யோகத்தின் அம்மாவும் வந்தார். மகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே காய்ச்சலில் போன மூத்த மகளைப் பற்றி. "பொதச்ச எடத்துல மண்ணு காயல்ல, கப்பலுக்கு நாள் குறிச்சிட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன் தம்பி" என்றார். முடிக்கும்போது, "நா இருக்க மட்டும் எம்புள்ளைக இத படிக்க வேணாம். பொறவு படிக்கட்டும்" என்றார். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். மறுநாள் அடித்து முடித்துக் காகிதத்தைத் தூக்கிப் போட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு அது எத்தனையோ கதைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பூட்டு என்னைக் காப்பாற்றவில்லை. வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். நான் மலையிறங்கிப் பாலசமுத்திரத்தில் குடியேறிவிட்டேன். எனக்குப் பிறகு அந்தப் பூட்டும் ஈரத்தில் கெட்டுப்போனதாம், விற்ற கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்களாம்.

மூத்த மகளைப் பற்றி நூலகத்தில் சொல்லிவைத்திருப்பதாக மட்டும் யோகத்தின் அம்மா சாகும்போது சொன்னாராம். அவர் போன பிறகு, நாங்கள் அடித்ததைப் பதிந்து வைத்த நூலகத்துக் குறுந்தகட்டோடு யோகம் என்னைத் தேடி வந்தாள். எழுதிய ஆள் நான்தானே, திறந்து தருவேன் என்று நம்பி வந்தாள். நான் அவளைப் பஷீர் பாயிடம் கூட்டிப்போனேன், எந்த முகத்தோடு போனேனோ தெரியாது. அவர் தலைகீழாக நின்று பார்த்தார். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்த்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்ததே தவிர, ஓர் எழுத்து வரவில்லை. பழையதைச் சொல்லி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நேற்று யோகம் போன் செய்தாள். இலங்கைக்குப் போகிறாளாம். மகன் டிக்கெட் போட்டுவிட்டான்.

"வெள்ளிக்கெழம கெளம்புறோம்ணே. அக்காவப் பொதச்ச எடத்துல ஒரு வெளக்கு ஏத்திட்டு வந்துரணும். எந்தத் தோட்டம்னு ஏதாச்சும் நெனப்பு வருதா?"

அவள் அம்மா டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு டீ குடித்தது நினைவிருக்கிறது. பேச்சின் நடுவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது நினைவிருக்கிறது. தோட்டத்தின் பெயர் மட்டும் வரவில்லை. வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன், பாவி. பிறகு, "வரலம்மா" என்றேன்.



"சரிண்ணே, தோட்டம் கெடக்கட்டும். எங்கக்கா பேரு என்னண்ணே? அம்மா எங்ககிட்ட கடேசி வரைக்கும் சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்லுச்சு."

அந்தப் பெயரை ஒருமுறை என் கையால் அடித்திருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.