எந்தக் கோயிலுக்குப் பின்னாடி?

எங்கள் வீட்டில் ‘மீட்டிங்’ என்றால் குடி. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் ஒதுங்குவதற்கு நான் வைத்த பெயர் அது. பல வருஷமாக அதைச் சொல்லித்தான் வீட்டில் தப்பித்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், “வில்லியனூர்ல ஒரு மீட்டிங், போய்ட்டு வரேன்” என்று சொன்னதும் என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணி மடிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை. வியாழக்கிழமை மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகிற வழியில் தொண்டையை நனைத்துக்கொண்டு போய், கேட்டில் வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றேன். மகள் மாடியிலிருந்து பார்த்தாள். அன்றே மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிறு சாயந்திரம் அவன் அபிஷேகப்பாக்கத்திலிருந்து குட்டியானை வண்டியோடு வந்து அக்காவையும் பிள்ளையையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

“இது குடிக்கிற மீட்டிங் இல்லடி. குடிய விடுற மீட்டிங்.”

“அதுக்கு வேற மீட்டிங்கா? இரு, நானும் வரேன்.”

நம்பி வரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தாள்.

எனக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னவன் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன். எங்களோடு ஒருநாளும் ஒதுங்காதவன். சரியான கஞ்சப்பயல் என்றுதான் அவனைப் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு காலத்தில் குடித்து, பிறகு அதை விட்டவன் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. “கோயிலுக்குப் பின்னாடி ஓட்டுக் கட்டடம் ண்ணா. மூணு மணிக்கு வந்துடுங்க” என்றான்.

சிவன் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். ஓட்டுக் கட்டடம் இருந்தது, கதவும் திறந்திருந்தது. உள்ளே ஏதோ விசேஷச் சமையலுக்கு நாலைந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கி, “இங்க குடிகாரங்க மீட்டிங் எங்க நடக்குது?” என்று கேட்டேன்.

“அது தெனமும் தெருமுனை ஒயின் ஷாப்ல நடக்குதே. உனுக்கா வழி தெரியாது?” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. குடிக்காமல் அன்றோடு மூன்று நாள் வேறு ஆகியிருந்தது. மனைவி, “போதும். வூட்டுக்குப் போலாம். தம்பி வந்துடுவான்” என்றாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நிமிஷம் என் கால் தெருமுனைப் பக்கம்தான் திரும்பியது. அவள் அதையும் பார்த்துவிட்டாள். அந்தப் பயலை நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போவோம் என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“எங்க ண்ணா இருக்கீங்க? டீ ஆறிகினு இருக்குது.”

“கோயிலுக்குப் பின்னாடிதான்டா நிக்கறேன். ஒருத்தனும் இல்ல.”

“நானும் கோயிலுக்குப் பின்னாடிதானே இருக்கேன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள். “தம்பி, உங்க வூட்ல கோயில்னா இன்னா கோயிலு?”

“மாதா கோயிலுதான் க்கா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அவன் கோயில் எது என்று நான் யோசித்ததே இல்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே பைக்கை மாதா கோயில் பக்கம் திருப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன டீ, அவ்வளவுதான் அந்த மீட்டிங். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார்கள். மூணு என்றேன். கை தட்டினார்கள். மூன்று நாளுக்கெல்லாம் கைதட்டல் வாங்கியவன் எங்கள் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் பேசியதை இங்கே எழுதமாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்கவேண்டும் என்பது ஒழுங்கு. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒருவர் பேசப் பேச, என் கதையை இவரிடம் எவன் போட்டுக்கொடுத்தான் என்று பக்கத்து மெஷின்காரனை முறைத்தேன்.

என் முறை வந்தபோது பள்ளிக்கூட வாசலைச் சொன்னேன். “எம்பொண்ணு மேல நின்னு பாத்துது. மூஞ்சத் திருப்பிக்கினு போயிடுச்சி. அது பண்ணது சரிதான்” என்றேன். அவமானமாக இருந்தது. சொல்லி முடித்ததும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. கதவு திறந்தே இருந்ததை, தாழ்வாரத்தில் மனைவி உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

வெளியே வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “இன்னிக்கு வண்டி வேணாம்டா. இல்லடா, மன்னிக்கல்லாம் இல்ல. ஒரு வாரம் பாக்கறேன்.”

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றுவரை அவள் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுத்ததில்லை.