இடது அடிமூலை

அரக்கு உருகும் வாசனை வந்தால் அந்த வாரம் எனக்குத் திரும்பிவிடுகிறது. பெரிய தபாலாபீஸ் நடைபாதையில் பார்சலைத் துணியில் தைத்துக் கொடுக்கிறவர், மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி முடிச்சின் மேல் சொட்டவிடுகிறார். சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் கருகல். கல்கத்தா முழுக்க ஒரு சீலிட்ட உறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

உறையை யாரும் பார்த்ததில்லை. ஒரு கட்சியின் மூத்த ஆலோசகர் மேல் குற்றப்பத்திரிகை தயாராகி, சீலிட்டு, ரகசியமாக நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்று பேச்சு. போகவே இல்லை என்றும் பேச்சு. துர்கா பூஜைக்கு முன்னால் கைது என்றார் மெட்ரோவில் ஒருவர். சிலையைக் கரைத்த பிறகுதான் என்று இன்னொருவர், தேதியைத் தானே குறித்துக் கொடுத்தவர் போல. காளிகாட்டில் நான் டீ குடிக்கும் கடைக்காரர் சொன்னார்: அது தன் மனைவியின் டிரங்குப் பெட்டி மாதிரியாம். திறந்து பார்த்தவன் கிடையாது, உள்ளே இருப்பது மட்டும் தெரு முழுக்கத் தெரியும். அப்படி ஓர் உறை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கடைக்குத்தான் அக்கா என்னை வரச்சொன்னாள். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு. சுருக்கெழுத்து படித்துவிட்டு வேலைக்குப் போனவள், இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஆலோசகருக்கு ஸ்டெனோ. அவர் சொல்வதை எடுத்து அடித்துக் கொடுப்பது அவள் வேலை. டீயைத் தொடாமல் பேசினாள்.

வழக்கே ஒரே பக்கத்தில் அடித்த ஒரு குறிப்பில் நிற்கிறது என்று டிவியில் சொன்னார்கள். லெட்டர்ஹெட் இல்லை, கையெழுத்து இல்லை, யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம் என்றது அவர் தரப்பு. அந்தக் காகிதம் தங்கள் ஆபீஸில் அடிக்கப்பட்டதல்ல என்று அவர் வக்கீல் ஒரு வாக்குமூலம் தயாரித்திருந்தார். அவருடைய நியூ டவுன் ஆபீஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அக்கா மட்டும் பாக்கி. மறுநாள் பத்து மணிக்குப் போட வேண்டும்.

“நீதான் அடிச்சியாக்கா?”

“பின்ன வேற யாரு.”

பிறகு மூலையைப் பற்றிச் சொன்னாள். பழைய ஸ்டெனோக்களுக்கு ஒரு வழக்கம். கடிதத்தின் இடது அடிமூலையில், சொன்னவரின் இனிஷியல் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, அடித்தவரின் இனிஷியல் சின்ன எழுத்தில். கம்ப்யூட்டர் வந்ததும் ஊரே விட்டுவிட்டது. அக்கா விடவில்லை. அந்தக் குறிப்பை அடித்த அன்றைக்கு அவர் தேதி வேண்டாம், பெயர் வேண்டாம் என்றார். அவளும் போடவில்லை. கடைசி வரி முடிந்ததும் விரல்கள் தாமாக மூலைக்கு இறங்கிவிட்டன. எந்தக் காகிதத்தின் அடியையும் அவர் பார்த்ததே கிடையாது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு ஞாபகம் வந்தது வீட்டில் அரிசி களையும்போது.

டிவியில் காட்டிய நகலில் அடிப்பாகம் தெரியவில்லை. மூன்று நாளாக அதற்காகவே டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாளாம். மூலையை யாரும் கவனிக்காமலே போகலாம், ஃபைல் நம்பர் என்று விட்டுவிடலாம். கவனித்தால், கையெழுத்துப் போட்ட அக்கா பொய் சொன்னவளாகிறாள். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், அவர் அவளால் மாட்டுவார். அத்திம்பேர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம் முழுக்க, கேட்காமலே கார் அனுப்பியவர் அவர். இதையும் அதே குரலில் சொன்னாள், எடுத்த டிக்டேஷனைத் திரும்பப் படித்துக் காட்டுகிறவள் போல.

கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடேன் என்றேன். சொல்லும்போதே அது யோசனை இல்லை, நழுவல் என்று எனக்கே தெரிந்தது.

“எந்த ஊருக்குடா? எனக்கு ஊரே சாந்த்ராகாச்சிதான். கவிதை எழுதறவன்கிட்ட வந்து கேட்டேன் பாரு.”

சிரித்தாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, அதையே குடித்தாள். மெட்ரோவுக்கு நடந்தோம். செம்பருத்தி மாலைக் கடைகள், நசநசவென்று தூறல், மிதிபட்ட பூ. ஒரு மிட்டாய்க் கடை டிவியில் அவர் முகம், சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. அக்கா நின்று பார்த்தாள். முகத்தை அல்ல, திரையின் அடியில் ஓடுகிற வரியை. அவள் கைப்பையில் போன் அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஆபீஸ் என்றாள். எடுக்கவில்லை.

ஸ்டேஷன் படியில் கேட்டேன், கையெழுத்துப் போடப் போகிறாயா என்று. குடையை மடக்கித் தண்ணீரை உதறினாள்.

“என் விரல் போட்டதை நான் போடலைன்னு எப்படிடா எழுதிக் குடுக்கறது? காலைல மொதல்ல சார்கிட்டயே போய் அந்த மூலையைச் சொல்லிடறேன். டிவில பாத்து அவர் தெரிஞ்சுக்க வேண்டாம்.”