ஐந்து வயதில் தந்தையை இழந்தவர்

இறந்தவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். எவ்வளவு புளுகினாலும் திருத்தம் சொல்ல வரமாட்டார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால்தான் வம்பு. அவருக்கு வீடு இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, வீட்டில் பத்திரிகை படிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சுங்கை வே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவேன். அந்தப் பழக்கத்தில், தமிழ்ப் பள்ளி நூலகங்களுக்கான ஒரு சிறு புத்தகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த எழுபதுகளிலேயே நிரல் எழுதிய நம்மவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களில் எது எங்கே கிடக்கிறது, ஒன்றை எடுக்க எதையெல்லாம் நகர்த்த வேண்டும் என்று சொல்லும் நிரல் அவருடையது. அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார்.

பத்திரிகை எழுத்து ஒரு நாளில் மீன் சுற்றப் போய்விடும். பள்ளி நூலகப் புத்தகம் அப்படி இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதுவார்கள், பேச்சுப் போட்டியில் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதனால் ஒவ்வொரு தகவலையும் மூன்று இடத்தில் சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு மாத இதழ், ஒரு சங்கத்தின் ஆண்டு மலர், ஒரு ஞாயிறு பதிப்பு. மூன்றிலும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். ஐந்து வயதில் தந்தையை இழந்தார், தாயின் உழைப்பில் படித்தார், யாரும் வழிகாட்டாமலே தானாகக் கணினி மேதையானார். மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனதில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடத்தில் திருப்தி வந்தது, என் புத்தி அப்படி.

எழுதியதை அவரிடம் காட்டப் போனேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். நாட்டிலேயே முதல் நிரல் என்று எழுதியிருந்ததை அடித்தார்.

"முதல்னு போடாதீங்க. பினாங்குல யாராவது எனக்கு முன்னாடியே எழுதியிருப்பாங்க, நமக்கு எப்படித் தெரியும்? தனியா எழுதினேன்னும் போடாதீங்க லா. நாலு பேர் உட்கார்ந்தோம்."

எனக்கு எரிச்சல். முதலும் இல்லை, தனியாகவும் இல்லை என்றால் பிள்ளைகள் எதைத்தான் ஒப்பிப்பார்கள்? ஆனாலும் தலையை ஆட்டினேன். அடுத்த பக்கத்தில் பேனா நின்றது. ஐந்து வயதில் தந்தையை இழந்து என்ற வரியில் அதன் முனை வெகுநேரம் அசையாமல் இருந்தது.

அந்த நேரம் உள்ளிருந்து ஒரு முதியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் மடித்த நாளிதழ். "தம்பிக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று, பிறந்த ஊரின் பேச்சு மாறாமல் கேட்டார்.

"இதுதான் எங்க அப்பா," என்றார் மகன்.

நான் எழுந்து வணக்கம் சொன்னேன். காகிதத்தில் செத்துப்போனவர் எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு முகம் சுட்டது. மூன்று இடத்தில் பார்த்துதான் எழுதினேன் என்று சமாளித்தேன்.

"மூணு பேரும் ஒரே இடத்துல எடுத்தது," என்றார் மகன். "கிள்ளான்ல எனக்குப் பொன்னாடை போர்த்தினப்போ ஒரு மடல் வாசிச்சாங்க. அதுலேர்ந்துதான் எல்லாம்."

அலமாரியைத் திறந்து, பொன்னாடையில் சுற்றி வைத்திருந்த சட்டம் போட்ட மடலை எடுத்துக் கொடுத்தார். முதல் வரியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் எழுதியது.

நம் விழாக்களில் பொன்னாடை போர்த்தினால் கூடவே ஒரு வாழ்த்து மடல் வாசித்தாக வேண்டும். மடலுக்கு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. வறுமை, மண்ணெண்ணெய் விளக்கு, சீக்கிரம் போய்விட்ட தந்தை, தியாகத் தாய், கடைசியில் வெற்றி. சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு விழாவுக்குச் சும்மா பார்க்கப் போன என்னைப் பிடித்து மேடைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். மடல் எழுத வேண்டியவர் வரவில்லை. அரை மணி நேரம்தான் இருந்தது. அழகாகக் கையெழுத்து எழுதும் ஒருவர் பூவேலை போட்ட அட்டையோடு பக்கத்திலேயே காத்திருந்தார். அப்பா இருக்கிறாரா என்று ஒரு செயற்குழுக்காரரிடம் கேட்டேன். "எப்பவும் அம்மாவத்தான் கூட்டிட்டு வருவாரு. அப்பா இல்ல போல," என்றார். ஐந்து வயது என்பது என் சொந்தச் சரக்கு. ஓசைக்காகப் போட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு, வாசிப்பதைக்கூடக் கேட்காமல் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். யாருக்கு எழுதினேன் என்பதும் அதோடு மறந்துபோனது. மடலில் எழுதியவன் பெயர் போடும் வழக்கம் இல்லை. ஆகவே என் புளுகை நானே மூன்று இடத்தில் சரிபார்த்திருக்கிறேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"கழுத்துல மாலையோட மைக்கைப் பிடிச்சு, நீங்க வாசிச்சது தப்புன்னு சொல்றதா? பாராட்டுறவங்க மனசு நோகும். அடுத்த மாசம் இதழ்ல வந்துருச்சு. அப்புறம் மலர்ல. அப்புறம் எங்க போய்ச் சொல்றது? முதல், தனி, அதெல்லாம் எப்படி வேணும்னாலும் போகட்டும். இந்தப் புத்தகத்துலயாவது அப்பாவ உயிரோட போடுங்க. இல்லேன்னா அந்த நிரலே புரியாது."

ஏன் என்று கேட்டேன். அப்பா ரயில்வே கூட்ஸ் யார்டில் கிளார்க். நாளைக்கு எந்தப் பெட்டி முதலில் போக வேண்டும், அதற்கு முன்னால் நிற்பவற்றை எந்தத் தண்டவாளத்துக்குத் தள்ள வேண்டும் என்பதைச் சாப்பாட்டு மேசையில் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்ப்பார். எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்த மகன் பாதி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கழித்து கண்டெய்னர்களை எப்படி அடுக்குவது என்று நாலு பேரும் திணறியபோது, அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம்தான் கேட்டார். அப்பா மறுபடியும் ஒரு படிவத்தைத் திருப்பிப்போட்டுக் கோடு கிழித்தார்.

"முதல்ல எடுக்க வேண்டியதக் கடைசியா வை. அவ்வளவுதான் நான் சொன்னது," என்றார் அப்பா. "மிச்சமெல்லாம் இவன் செய்தது."

யாரும் வழிகாட்டாத மேதை என்று நான் எழுதிய மனிதரின் வழிகாட்டி என் எதிரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு மடலை எழுதியது யாரென்று தெரியாது. சொல்லாமலே வந்துவிடலாம், புத்தகத்தில் திருத்திவிட்டால் போதும் என்று ஒரு மனம் சொன்னது. அந்தக் கோழைத்தனத்தோடு விடைபெற்று வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டவன், அதைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தேன்.

"ஐயா, அந்த மடல் நான் எழுதினது," என்றேன். "அரை மணி நேரத்துல எழுதினேன். அப்பா இல்ல போலன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் வேற யார்கிட்டயும் கேட்கல. மன்னிச்சுக்குங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்படி எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"கேட்டிருக்கலாமே தம்பி," என்றார். "நான் அண்டைக்கு மூண்டாவது வரிசையிலதான் இருந்தனான்."