துரை கேட்ட பைன் கன்று

எதிர் பிளாட்டில் தரை துடைக்க ஏதோ ஒரு திரவம் ஊற்றுகிறார்கள். பைன் வாசனையாம். காலையில் கதவைத் திறந்தால் போதும், குப்பென்று மூக்கில் ஏறுகிறது; கூடவே எனக்குக் கோபமும் ஏறுகிறது. "நல்ல வாசனைதானே மாமா?" என்கிறாள் மருமகள். நல்ல வாசனைதான் அம்மா. அதனால்தானே வயிறு எரிகிறது!

அந்த வாசனையை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு துரை. சுதந்திரம் வந்து சில வருஷமாகியும் ஊருக்குக் கப்பலேறாமல், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்தார். நான் அங்கே தற்காலிகக் குமாஸ்தா. தற்காலிகம் என்றால் சும்மாவா? மாதக் கடைசியில் தலைமைக் குமாஸ்தா தொண்டையைக் கனைத்தாலே 'நாளை முதல் வரவேண்டாம்' என்றுதான் என் காதில் விழும். வேலை நிலைத்துவிட்டால், மீஞ்சூரில் அண்ணன் வீட்டில் ஏச்சுக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவை அழைத்து வந்துவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

துரைக்கு வேண்டியிருந்தது பைன் மரம். வாசலில் வரிசையாக நிற்கவும் வேண்டும், மேஜைமேல் தட்டில் குட்டையாக வளரவும் வேண்டும். கப்பல்காரர் ஒருவர் விதையோடு ஒரு பைன் காயும் கொடுத்திருந்தார். கம்பெனி தோட்டக்காரர் கையை விரித்துவிட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் வளர்க்கிறேன் சார்" என்றேன். துரை அந்தக் காயை என் மூக்கருகே நீட்டினார். "ஒரே ஒரு கன்று கொண்டு வா. வேலையை நிரந்தரமாக்குகிறேன்."

அந்த விதை முளைக்கக் குளிர் வேண்டுமாம். நான் குடியிருந்த ராயபுரத்தில் குளிருக்கு எங்கே போவது? மீன் ஐஸ்தான். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவள். துணியில் முடிந்த விதையைத் தன் ஐஸ் பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்தாள். "இன்னா நைனா, இதுவும் வஞ்சிரம் மாறி ஐஸ்ல கெடந்தாத்தான் வெல போவுமா?" என்று சிரிப்பாள்.

முளைத்தே விட்டது! குட்டிக் குட்டிக் குடை விரித்த மாதிரி பச்சை ஊசிகள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. மண்ணை மாற்றினேன், உப்புக்காற்றுக்குத் தட்டி கட்டினேன், சட்டியைக் கூடையால் மூடினேன். காக்காயைத் திட்டினேன், எதிர் வீட்டு ஆட்டையும் திட்டினேன். ம்ஹூம். ஒன்றே ஒன்று மிஞ்சியது, அதுவும் வாடல். அந்த நேரம் பார்த்து, "திங்கட்கிழமை கொண்டு வா" என்றார் துரை.

திங்கட்கிழமை அவசரத்தில் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். துரை கூடையைத் தூக்கினார். உள்ளே கன்று பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. 'அட, பிழைத்துவிட்டதே!' என்று பூரித்துப் போனேன். அவர் ஓர் ஊசியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். முகம் கோணியது.

"மீன் நாற்றம்! இது சவுக்கு."

சாயங்காலம் நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "என் முருங்க எப்டி கீது பாத்தியா? மீன் கழுவுன தண்ணி ஊத்தித்தான் நைனா. அதான் நீ வேலைக்குப் போனப்பொறம் இதுக்கும் தெனம் ஊத்தினேன். நேத்து ராவு அதுவும் பூட்ச்சு. நீ அயுவியேன்னு ராவோட ராவா எண்ணூர் மணல்லேர்ந்து ஒண்ணக் கொண்டாந்து வெச்சேன்."

"கெடுத்தியே அக்கா! என் குடியைக் கெடுத்தியே!"

அவள் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றி எடுத்து வந்தாள். "துன்னுட்டுத் திட்டு" என்றாள். எனக்கோ கொலைப்பசி. தின்றேன், தின்றபின் திட்டவும் செய்தேன்.

அந்த மாதக் கடைசியில் தலைமைக் குமாஸ்தா கனைத்தார். வேறு வேலை தேடி நான் நிமிர்வதற்குள் அம்மா மீஞ்சூரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சவுக்கை அக்கா வாசல் மூலையில் நட்டாள். அது, வெட்கமில்லாமல், கூரைக்கு மேல் வளர்ந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை முறைத்துவிட்டுத்தான் போவேன்.

போன மாதம் போனேன். கம்பெனி இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. சவுக்கு இல்லை, முருங்கை இல்லை, அக்கா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. முதலில் சோற்றைப் போட்டுவிட்டுத் திட்டு வாங்க ஆளில்லாத ஊரில், அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?