செல்லபாய்க்குக் கிடைத்த அட்டை

நேசம்மாள் வாழ்க்கையில் எது குறைந்தாலும், செல்லபாயைப் பார்த்து வயிறெரிவது மட்டும் குறைந்ததேயில்லை. குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரே சபை, அடுத்தடுத்த வீடு. பாடகர் குழுவில் செல்லபாய் முன்வரிசை, இவள் பின்வரிசை. செல்லபாய் வீட்டுப் பலா வேரிலேயே காய்க்கிறது. இவள் வீட்டுப் பலா பத்து வருடமாகச் சருகுதான் உதிர்க்கிறது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இதையெல்லாம் நினைத்துப் பொருமுவாள்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் அரசின் மருத்துவக் காப்பீட்டு முகாம் நடந்தது. அட்டை இல்லாத ஏழைக் குடும்பங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வருமானம் கேட்டதும் செல்லபாய், "எங்களுக்கு என்ன இருக்கு சாரே, அன்னன்னைக்குள்ள பாடுதான்" என்று கூசாமல் சொல்லிப் பதிந்துகொண்டாள். அடுத்து நின்ற நேசம்மாளுக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ!

"எங்களுக்கு இந்த இலவசமெல்லாம் வேண்டாம் சாரே. எனக்க மொவன் ஸ்டெனி துபாயிலேருந்து மாசாமாசம் அனுப்புதான்."

செல்லபாய் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னாள். ஸ்டெனியோ அங்கே வேலை போய், கூடத் தங்கியிருந்தவர்கள் தயவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அட்டையில் செல்லபாய் கர்ப்பப்பை ஆபரேஷன் முடித்துச் சுகமாகத் திரும்பினாள். அதற்கும் இவளுக்கு எரிந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், ரப்பர் பால் வெட்டப் போன புருஷன் சத்தியநேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரத்தக்குழாயில் அடைப்பு, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

அட்டை எடுக்கத் தேவையான வருமானச் சான்றுக்கு நேசம்மாள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினாள். அலுவலருக்கு நல்ல ஞாபகம். "துபாய்ப் பணம் வருதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. விசாரிக்காமக் கையெழுத்துப் போட மாட்டேன்."

கர்த்தாவே! ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் செல்லபாய். வேறு யாரைக் கூப்பிடுவாள்?

செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்றிருந்த வாசலில் போய் நின்றாள். "ஏட்டி செல்லபாய்... ஸ்டெனி ஒண்ணும் அனுப்பல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய்." சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"அது எனக்கு அப்பமே தெரியுமேட்டி. ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடல்ல. வா, போவோம். அண்ணனுக்குச் சுகமாவட்டு முதல்ல."

உடுத்திருந்த சேலையோடு செல்லபாய் இறங்கி வந்தாள். அலுவலரும் விசாரித்துக் கையெழுத்துப் போட்டார்.

புருஷன் பிழைத்துவிடுவார் என்று நேசம்மாள் அங்கேயே நின்று அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும், இப்படி ஒரு மனசுகூடச் செல்லபாய்க்குத்தானே கிடைத்திருக்கிறது என்று வயிறு எரிந்தது.