துறையூரில் பிறக்காதவன்

காலையிலேயே கைபேசியில் வேலாயுதத்தின் படம் வந்து விழுந்தது. இந்தியாவில் பெரிய கணிதப் பேராசிரியராக இருந்து போன மாதம் காலமானவன். இங்கே இலங்கையில், றொசல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாக அறைகள் கொண்ட ஒரே லயத்தில் என்னோடு வளர்ந்தவன். கீழே அவனுடைய மாணவி எழுதிய அஞ்சலிக் கட்டுரை. முதல் வரியே, ‘துறையூரில் பிறந்த பேராசிரியர்’. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். துறையூராம்! நீங்களே சொல்லுங்கள், கோபம் வராதா?

அவன் பிறந்தது எங்கள் லயத்தின் மூன்றாம் காம்பராவில். மலையிலிருந்து இறங்கிய ஈரக் கம்பளியோடு ஓடிப்போய்ப் பிரசவம் பார்த்தவள் என் அம்மா. அந்தக் கம்பளியின் நனைந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அதே வாடையோடுதான் மழைநாட்களில் நாங்கள் இருவரும் வகுப்பில் உட்கார்ந்திருப்போம்.

அங்கேயும் அவனால் எனக்கு எரிச்சல்தான். சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் எக்ஸையும் வையையும் தூக்கி எறிந்துவிட்டு, எண்களை மட்டும் கட்டத்தில் அடைத்து, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரியைக் கழித்து விடையைக் கொண்டுவந்து நிறுத்துவான்.

"எக்ஸ் எங்கடா?" என்று வாத்தியார் உறுமுவார்.

"அது எங்க நிக்குதுன்னு தெரியுங்க சார். எதுக்கு வீணா எழுதிக்கிட்டு?"

அவனுக்கு முட்டை. பார்த்து எழுதிய எனக்கும் முட்டை.

அந்தக் கட்டத்துக்குத் தாயம் என்று பெயர் என்பது நானே கணித வாத்தியாராகப் போன பிறகுதான் தெரிந்தது. இந்தியாவில் அணி என்கிறார்கள். நேர்மாறு இல்லாத அணிகளுக்கு நேர்மாறு மாதிரி ஒன்றை உண்டாக்குவது பற்றி ஆயுள் முழுக்க எழுதினான். "போன வழியே திரும்ப முடியலன்னா, ஆனமட்டும் எவ்வளவு கிட்ட வரலாம்னு பாக்குறதுப்பா" என்று ஒருமுறை தொலைபேசியில் விளக்கினான். இங்கே மட்டும் ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

மாணவியை அழைத்தேன்.

"ஏம்மா, அவன் இங்க தோட்டத்துல பொறந்தவம்மா. புத்தகமா வர்றதுக்குள்ள மாத்திருங்க."

"எல்லா ரெக்கார்டுலயும் துறையூர்னுதாங்க ஐயா இருக்கு. உங்ககிட்ட ஆதாரம் இருக்குங்களா?"

ஆதாரமா! கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் பொறுமையாக ஒரு படம் அனுப்பினாள். இந்தியா போவதற்கு அவன் குடும்பம் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். பிறந்த இடம், துறையூர். முதலில் நிற்கும் ஆங்கில ‘டீ’க்கு மேலே குடை சரிந்தாற்போல் ஒரு கோடு. அப்படிக் கோடு போடுகிற ஆளை எனக்குத் தெரியும். இன்றைக்கும் கையெழுத்தை அப்படித்தான் போடுகிறேன்.

லயத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிய காலம் அது. பக்கத்தில் குந்தியிருந்த அவனுடைய அப்பா, "பொறந்த ஊரா? துறையூருன்னு போடுப்பா, நம்ம ஊரு அதுதான?" என்றார். அவரே இந்தத் தோட்டத்தில் பிறந்தவர், துறையூரைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஊரைக் கேட்டால் தாத்தா விட்டுவந்த ஊரைத்தானே நாங்கள் எல்லோரும் சொல்வோம்? நானே மணப்பாறை என்றுதான் சொல்லித் திரிந்தேன். மணப்பாறை எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்து, சுற்றுலா வருகிறவர்கள் வாகனம் நிறுத்தத் தரை போட்டிருக்கிறார்கள். அம்மா இல்லை, அவன் அப்பா இல்லை, அவனும் போய்விட்டான். அவன் இங்கே பிறந்தான் என்பதற்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சி நான். இல்லை என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.